அக்காவுக்கு ஒரு சுவர்

எங்கள் வீட்டில் லீவு என்றால் மழைதான். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, ஆடிப் பதினெட்டு எதுவும் இங்கே செல்லாது. வெயில் அடித்தால் வேலை, மழை பெய்தால் ஓய்வு. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்படும் பெண்ணுக்கு இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் பக்கத்தில் இருக்கிற பிரம்மதேசம் என்கிற ஊர்ப் பெண். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற வீடு எங்களுடையது. வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் போதும், அப்பா வாசலுக்கு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பார். இரண்டாயிரத்து நான்காம் வருடம் தை மாதம் கல்யாணமாகி இங்கே வந்தேன். அந்த வருடம் கோடையில் ஒரு மதியம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பழக்க தோஷம். உப்பளத்து வரப்பில் நின்றபடி கையைத் தட்டி, "ஐ, மழை வரப்போவுது!" என்று கூவிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். வேலைக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் நின்று என்னையே பார்த்தார்கள். ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அன்று வாரிக் கரையில் போட்டிருந்த உப்பில் பாதி கரைந்துபோனது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. உப்பு சீசன் முடிந்து, குவித்து வைத்த உப்புக்கு மேல் கீற்று போட்டு மூடுகிறவரைக்கும் அந்த வீட்டில் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே கூடாதாம். வானம் தலையில் விழுகிறாற்போல் இருந்தாலும் "வானம் ஒரு மாதிரியா இருக்குது" என்றுதான் சொல்ல வேண்டும். நான் பிறவி வாயாடி. ஒரு வார்த்தையை மாதக்கணக்கில் தொண்டையிலேயே வைத்திருப்பது எனக்குச் சாதாரணக் கஷ்டமா?

அன்றைக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லாதபடி பார்த்துக்கொண்டவர் அக்கா. என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு நாத்தனார் முறை, ஆனால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் மாமியார் இருவரும் நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார்கள். தம்பியை வளர்த்ததும், பாத்திகளை நடத்தியதும், வேலையாட்களைச் சேர்த்ததும் எல்லாம் அக்காதான். கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லாமல் போய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள். அக்காவைக் கேட்டால், "வந்தவனுங்கள்ல ஒருத்தனும் வெயில் தாங்கறவனா இல்ல" என்பார். நான் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். அக்காவை மட்டும் வந்த மாதமே மெச்சிவிட்டேன்.

காரணம் ஒரு படம். தை, மாசியில் பாத்திகளில் நின்ற மழைத்தண்ணீரை வடித்துவிட்டு, அடித்தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, களிமண் தரை சிமெண்டு போல ஆகும்வரை மிதிக்க வேண்டும். வடகோடிப் பாத்தியை மட்டும் அக்கா தனியாளாக மிதித்தார். மிதித்து முடித்ததும் ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு குனிந்தார். கோலம்தான் போடப்போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. ஈ.சி.ஆரில் போகிற பாண்டிச்சேரி பஸ்ஸைப் போட்டார். படிக்கட்டில் தொங்குகிறவன், ஜன்னலில் வாந்தி எடுக்கிற பிள்ளை, கூரைமேல் கோழிக்கூடை, எல்லாம் இருந்தது. பாத்தியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே பஸ். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அதில் உப்புத்தண்ணீர் பாய்ச்சினார்கள்.

"அக்கா, அழிஞ்சிடுமே!" என்றேன்.

"அழியத்தான் போவுது. தண்ணி வுடாம உப்பு எங்கேர்ந்து வரும்?"

வாய்க்கால் மடையைத் திறந்தவர் அக்காதான். திறந்துவிட்டு, தண்ணீர் பஸ்மேல் ஏறுகிற நேரத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் ஒரு படம், ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் ஆயுள். சின்ன வயசிலிருந்தே இப்படித்தானாம். என் வீட்டுக்காரருக்கு அது ஒரு விஷயமே இல்லை. "அது கெடக்குது, பொழுதுபோக்கு" என்பார். எனக்கு அவர்மேல் வந்த முதல் கோபம் அதுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். வெயிலில் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சோறு தின்பதும் நின்றபடிதான். காலில் முள் குத்தினால்கூட ஒற்றைக்காலில் நின்றே எடுப்பார். "உக்காருங்கக்கா" என்றால், "வெயில் அடிக்கும்போது எப்படி உக்கார்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். உப்புக்காரர்களுக்கு வெயில் என்பது நின்றுகொண்டிருக்கிற முதலாளி மாதிரி.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. எங்கள் வீட்டில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலோரக் குப்பங்களில் அப்படியில்லை என்பதால் இதைச் சத்தமாகச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. பாத்திகள் முழுக்கக் கருஞ்சேறு. அடுத்த வருடம் முழுவதும் சேற்றை அள்ளிக் கொட்டுவதிலேயே போனது. அந்த வருடம் அக்கா படம் போடவில்லை, நானும் கேட்கவில்லை.

சேறு அள்ள வந்தவர்களில் ஒரு பெண், உப்பங்கழி நடுவில் இருக்கிற ஒரு சின்னத் திட்டிலிருந்து வந்தவள். என் வயசுதான் இருக்கும். சேறு முடிந்த அடுத்த வருடம் உப்பு வாரவும் வந்தாள். சிரித்த முகம், கிண்டல் பேச்சு. அவளும் நானும் சேர்ந்தால் வேலை நடக்காது என்று என் வீட்டுக்காரர் எங்களைத் தனித்தனிப் பாத்தியில் விடுவார். கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே அந்தத் திட்டுக்குப் போய்விடலாம். மழைக்காலத்தில் படகு வேண்டும். நாலு தெருகூடக் கிடையாது, தென்னை, பூவரசு, கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். ஆனால் அவள் தன் ஊரைப் பற்றிப் பேசினால் ஏதோ வெளிநாட்டைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

அந்தத் திட்டிலிருக்கிற ஆண்களில் பாதிப்பேர் பெயிண்டர்கள். ஆரோவில் பக்கமும் பாண்டிச்சேரியிலும் கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கப் போகிறவர்கள். வேலை முடிந்ததும் டப்பாவின் அடியில் தங்கிப்போகிற பெயிண்ட்டை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது படகேறித் திட்டுக்கு வந்துவிடும். கைப்பிடி அளவு பச்சை, அரை டப்பா ரோஸ் என்று வருவதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை முழுசாக அடிக்க முடியாது. அதனால் படம் போட ஆரம்பித்தார்களாம். மீன், ஆடு, மோட்டார் பம்பு, மாப்பிள்ளை, மாமனார் என்று அந்த ஊரில் எல்லாச் சுவரிலும் ஏதாவது இருக்குமாம்.

"எங்க ஊருக்கு விருந்தாளியா வந்தா, கெளம்பறதுக்குள்ள செவுத்துல ஒரு படம் போட்டுட்டுத்தான் போவணும். தங்கற வூட்டுக்காரங்க எடம் குடுப்பாங்க" என்றாள்.

"வரையத் தெரியாதவங்க?" என்றேன் நான்.

"கைய பெயிண்ட்ல முக்கி அப்பிட்டுப் போவாங்க. எங்க சித்தப்பா வூட்டுச் செவுரு பூரா கையிதான்."

வரப்பில் நின்றிருந்த அக்கா உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தார். அது நடுச்சீசன். மழை என்கிற வார்த்தைக்குத் தடை.

"அந்தப் படத்துமேல... அது வந்தா என்னா ஆவும்?" என்று கேட்டார்.

"எது வந்தா?"

"அதாம்மா. மேலேர்ந்து."

திட்டுக்காரப் பெண்ணுக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதுவா! கரையாதுக்கா. எனாமல் பெயிண்ட்டு. நாங்க போய்ச் சேர்ந்த பொறவும் அது இருக்கும்" என்றாள் அவள்.

அக்கா பலகையை எடுத்துக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கரையாதாமே" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் அதுவரை கேட்டதில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்தேன். இந்த மனுஷிக்கு ஒரு சுவர் கிடைத்தே ஆக வேண்டும்.

அப்படித்தான் எங்கள் சுற்றுலாத் திட்டம் ஆரம்பமானது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அதில் சொந்த ஆசை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பொழுது விடிந்தபின் படுத்திருந்ததில்லை. ஒரு தீவு, ஒரு பாய், யாரும் கூப்பிடாத ஒரு காலைநேரம். அக்காவுக்குச் சுவர், எனக்குத் தூக்கம். ஆரோவிலுக்கு வருகிறவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் ஓய்வெடுக்க வருகிறார்கள், நமக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு தீவு இருக்கிறதே என்று ஒரு ரோசம் வேறு.

ஆனால் மழை என்ற வார்த்தையைச் சொல்லாமல் மழைக்காலப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்பதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "கீத்து போட்ட பொறவு" என்று பேசிக்கொள்வோம். "கீத்து போட்ட பொறவு மூணு நாளு." "கீத்து போட்ட பொறவு படகுக்குச் சொல்லிடணும்." என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், இவர்களுக்குக் கீற்றுமேல் இத்தனை அக்கறையா என்று சந்தோஷப்பட்டார்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது முகம் சுண்டிப்போயிற்று. அந்த டிசம்பருக்குப் பிறகு அவருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. "நாலு பக்கமும் தண்ணி இருக்கற எடத்துல போய் யாராவது ரெஸ்ட் எடுப்பாங்களா?" என்றார்.

"நாம நாலு பக்கமும் தண்ணியக் கட்டி வெச்சிக்கிட்டுத்தானடா பொழைக்கிறோம்" என்றார் அக்கா.

அவர் இறங்கி வந்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். மழைக்காலத்தில்தான் உப்புக்கு நல்ல விலை. ஆனால் ஈரத்தில் லாரி உப்பளத்துக்குள் வராது. நடுவில் ஒரு நாள் வெயில் அடித்து வண்டிப்பாதை காய்ந்தால் அன்றைக்கு லாரி வந்துவிடும். கீற்றைப் பிரித்து, மூட்டை பிடித்து, ஏற்றிவிட்டு, மறுபடியும் மூட வேண்டும். ஆட்களைக் கூப்பிடுவது, வேலை வாங்குவது எல்லாம் அக்கா. அக்கா சொன்னால்தான் ஆட்கள் வருவார்கள் என்று அவர் நம்பினார். ஆட்களும் அப்படித்தான் நம்பினார்கள், அக்காவும் நம்பினார்.

"வெயில் அடிச்சா திரும்பி வந்துடணும்" என்றார்.

"வெயில் அடிச்சா வராம பின்ன?" என்றார் அக்கா. அது அவருக்கு ஒரு நிபந்தனையாகவே தெரியவில்லை.

அடுத்தது மூட்டை கட்டும் படலம். சும்மா இருக்கப் போகிற இடத்துக்கு அக்கா எடுத்து வைத்தது: கோணி ஊசி, சணல், அரிவாள், பழைய தார்ப்பாய், ஒரு மண்வெட்டி. நான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் உள்ளே இருந்தது. மண்வெட்டியை மட்டும் விட்டுக்கொடுத்தார். சென்னையில் இருக்கிற அவர்களுடைய சித்தப்பா மகள் போனில் விஷயம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அடை மழையில ஐலண்டுக்கா? வெயில் காலத்துல போங்க, ஜாலியா ரிலாக்ஸ் பண்ணலாம்" என்றாள். உப்புக்காரக் குடும்பத்தில் பிறந்து ஃபேன் காற்றில் வளர்ந்த பெண். அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? வெயில் காலத்தில் எங்களைத் தங்கப் பல்லக்கில் வைத்துத் தூக்கிப்போனாலும் எங்களால் ரிலாக்ஸ் ஆக முடியாது. பார்வை பாத்தியிலேயே இருக்கும்.

புரட்டாசி முடிந்தது. ஐப்பசி பிறந்தது. வானம் ஒரு மாதிரியாக இருப்பதும் பிறகு வெளுத்துப்போவதுமாக எங்களைச் சோதித்தது. சேறு அள்ளிய வருடத்துக்குப் பிறகு வந்த முதல் நல்ல சீசன் அது. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் வானத்தைப் பார்ப்பார். "இன்னும் ஒரு தடவை வாரிடலாம்" என்பார். தீபாவளிக்கு முந்தின நாளும் வாரினார், தீபாவளிக்கு மறுநாளும் வாரினார். ஒரே சாமி படத்துக்கு முன்னால் அவர் வெயில் வேண்டும் என்று நிற்பார், பக்கத்திலேயே நான் எதிர்மாறாக வேண்டிக்கொண்டு நிற்பேன். சாமி பாவம். அக்கா மட்டும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. தனக்கென்று ஒன்றைக் கேட்கிற பழக்கமே அந்த வாய்க்கு இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேகம் கூடியது. பிரம்மதேசத்துப் பிறப்பல்லவா, மழையைக் கூப்பிட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? மனசுக்குள் கூவித் தீர்த்தேன்.

ஒரு சாயங்காலம் காற்று திரும்பியது. அக்கா மூக்கைச் சுருக்கி முகர்ந்துவிட்டு, "டேய், கீத்தை எறக்கு" என்றார். இருட்டுவதற்குள் எல்லாக் குவியலையும் மூடிவிட்டோம். கடைசிக் கீற்றுக்குக் கயிறு கட்டி முடித்தபோது முதல் தூறல் என் நெற்றியில் விழுந்தது. எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கீற்று போட்டாகிவிட்டது, இனிமேல் தடையில்லை. "மழை!" என்று கத்தினேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாளே கிளம்பிவிட்டோம். குடைக்கும் அடங்காத மழை. திட்டுக்காரப் பெண்ணின் கணவர் படகோடு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் கரையில் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு, ஏதோ நாங்கள் கப்பலேறிப் போகிற மாதிரி நின்றார். படகு நகர்ந்ததும் பின்னால் பாத்திகளும் கீற்றுக் குவியல்களும் மழையில் மங்கி மறைந்தன. அக்கா அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

திட்டைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டல் செய்வதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். மழைச்சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒவ்வொரு சுவரும் ஒரு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் கதவைச் சுற்றிச் சுறாமீன்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளை மாமனாருக்குப் பயந்து தென்னை மரத்தில் ஏறுகிறார். டீக்கடைச் சுவரில் கடைக்காரர், ஆனால் நிஜத்தைவிடத் தலைமுடி அதிகம். யாரும் பள்ளிக்கூடத்தில் வரையக் கற்றவர்கள் இல்லை. கை கால் எல்லாம் கோணல்தான். ஆனாலும் யார் யாரென்று பார்த்தவுடன் தெரிந்தது. இன்னொரு வேடிக்கை, அந்த ஊரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஊர் இருந்தது. "இந்த ரோஸ் பாண்டிச்சேரியில ஒரு கல்யாண மண்டபம். இந்தப் பச்சை ஆஸ்பத்திரி. இந்த நீலம் எங்க மாமன் படகுக்கு அடிச்சது" என்று திட்டுக்காரப் பெண் காட்டிக்கொண்டே வந்தாள். வாழ்கிறார்களே மனுஷர்கள் என்று இருந்தது எனக்கு.

இரண்டு நாட்கள் மழை நிற்கவில்லை. அந்த இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் அதன் பெருமை. தூங்கினேன். எழுந்து மீன்குழம்பும் சோறும் தின்றேன். மறுபடியும் தூங்கினேன். அக்கா பாயில் கால் நீட்டிப் படுத்து ஓட்டின்மேல் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோணி ஊசியும் சணலும் பைக்குள்ளேயே கிடந்தன. ஒருமுறை "என்னா சொகமா இருக்குது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் சுவர்? அக்காவுக்கு என்று, நாங்கள் தங்கிய திட்டுக்காரப் பெண்ணின் வீட்டுத் தெற்குச் சுவரையே முழுசாகக் கொடுத்திருந்தார்கள். வெள்ளையடித்துத் தயாராக இருந்தது. டப்பாக்களும் பிரஷ்களும் தாழ்வாரத்தில் காத்திருந்தன. சுவரோ நனைந்து ஊறிப்போயிருந்தது.

"ஈரத்துல அடிச்சா தோல் மாதிரி உரிஞ்சி வந்துடும்க்கா. நல்ல வெயில் வேணும்" என்றார் அவள் கணவர். அவரும் பெயிண்டர்தான்.

நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் எங்கள் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. மாதக்கணக்காகப் பேசியும் எங்கள் புத்திக்கு இது எட்டவில்லை. மழை பெய்தால்தான் எங்களுக்கு லீவு என்று மழையில் வந்துவிட்டோம். மழை பெய்தால் சுவர் இல்லை. வெயில் அடித்தால் அக்கா இல்லை.

"போனா போவுது. கைய அப்பிட்டுப் போயிடறேன்" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. உப்புத்தண்ணீருக்கு மடையைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அதே முகம். அன்று சாயங்காலம் முழுக்க எரிந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தபோது அறைக்குள் மஞ்சளாக இருந்தது. வெயில். சுள்ளென்று, கழுவிவிட்ட வெயில். பக்கத்துப் பாய் காலி. வெளியே ஓடினேன். அக்கா புடவையை இழுத்துச் செருகி, தலையில் துண்டைக் கட்டி, பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பழக்கம் அவரை எழுப்பி, கட்டிக் கிளப்பிவிட்டிருந்தது. அக்கரையிலிருந்து மொபெட் ஹாரன் விடாமல் கேட்டது. லாரி வந்துவிட்டது, ரோட்டில் நின்று பாதை காயக் காத்திருக்கும்.

படகுத்துறைக்கு நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். நான் போகிறேன், நீங்கள் இருங்கள் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். எனக்கு மூட்டை பிடிக்கத் தெரியாது, ஆனால் கத்தத் தெரியும், கத்தியே ஏற்றிவிட மாட்டேனா?

தண்ணீர் ஓரத்தில் அக்கா நின்றார். கழி அந்த இடத்தில் குறுகல், கூப்பிட்டால் கேட்கும். அக்கரையில் தம்பி கையை வீசினார்.

"அக்கா! லாரி வந்துடுச்சு! வா!"

அக்கா திரும்பி ஊரைப் பார்த்தார். தெற்குச் சுவர்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரச்சுவரிலிருந்து ஆவி கிளம்பியது. பிறகு பையைக் கீழே வைத்தார்.

"நான் வரலடா!"

ஹாரன் நின்றது.

"என்னாக்கா?"

"வரலன்றேன்! நீயே ஏத்து!"

"ஆளுங்க யாரும் வர மாட்டாங்கக்கா!"

"நீ போய்க் கூப்புடு, வருவாங்க! உனக்கு முப்பது வயசு ஆவுதுடா!"

நான், "அக்கா, நான் வேணா..." என்று ஆரம்பித்தேன். "நீயும் போவாத. அவன் செய்வான்" என்றார். என் வீட்டுக்காரர் மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போனார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சுவர் காய்ந்து வெளுக்கிறவரை காத்திருந்தோம். பெயிண்டர் தின்னர் கலந்து கொடுத்து, "மெல்லிசா அடிங்க, சீக்கிரம் காயும்" என்றார். அக்கா பிரஷை ஈர்க்குச்சி மாதிரிதான் பிடித்தார். முதல் கோடு இழுக்கும்போது சுவரிடம் அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு யாரையும் பார்க்கவில்லை. சோற்றுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. ஊரே வந்து தெருவில் நின்று பார்த்தது. மாப்பிள்ளையைத் தென்னை மரத்தில் ஏற்றி வரைந்த ஆள், "இவங்க எந்த ஊரு ஆர்ட்டிஸ்ட்டு?" என்று என்னிடம் கேட்டார். "உப்பளம்" என்றேன். எனக்கு நெஞ்சு விம்மியது.

முதலில் கீழே சாம்பல் நிறத்தில் பாத்திகள். கட்டம் கட்டமாக வரப்புகள். பிறகு மேலேயிருந்து கீழே சாய்வாகக் கோடு, கோடு, கோடு. கல்யாண மண்டபத்து ரோஸ், ஆஸ்பத்திரிப் பச்சை, படகு நீலம், எங்கிருந்தோ வந்த மஞ்சள். டப்பாவில் மிஞ்சியிருந்த எல்லா நிறத்திலும் மழை. கீழே பாத்திகளுக்கு நடுவில் ஆட்கள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் கீற்று மூடவில்லை. காலை நீட்டி, முகத்தை மேலே தூக்கி, எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டு கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாய் பெரிசாகத் திறந்திருந்தது. நான்தான். அந்தக் கோடை மதியத்தை அக்கா மறக்கவே இல்லை. எல்லோரும் பதறிய நேரத்தில் அக்கா என்னை இப்படியா பார்த்துக்கொண்டிருந்தார்? நான் அழுதுவிட்டேன், ஊர் முன்னால், வெட்கமே இல்லாமல்.

வெயில் சாய்கிற நேரத்தில் என் வீட்டுக்காரர் படகில் வந்து இறங்கினார். தண்ணீருக்குப் பயந்த மனுஷர். சட்டை, தலை எல்லாம் உப்பு. "ஏத்தி அனுப்பிட்டேன். மூடியும் வெச்சிட்டேன்" என்றார், முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி. சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"மழையா போட்டிருக்க?" என்றார் மெதுவாக.

"ஆமாண்டா. லீவு குடுக்கறது அதானே?"

அவர் அருகே போய் ஒவ்வொரு ஆளாகப் பார்த்தார். தன்னையும் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன், காதுவரை சிரிப்பு வந்தது. "இதுவா பொழுதுபோக்கு?" என்று அவருக்கு மட்டும் கேட்கிறாற்போல் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா நுனிவிரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. உடனே போய்க் கழியிலிருந்து ஒரு பக்கெட் நிறைய உப்புத்தண்ணீர் மொண்டு வந்தார். என்ன செய்யப் போகிறார் என்று எங்களுக்குப் புரிவதற்குள், வீசி, சுவர்மேல் அடித்தார். நான் அலறினேன். திட்டுக்காரப் பெண் "ஐயோ அக்கா!" என்று ஓடிவந்தாள். தண்ணீர் ரோஸ் மழைமேலும் பச்சை மழைமேலும் வழிந்து இறங்கி மண்ணில் ஊறியது. இந்த முறை அக்கா முகத்தைத் திருப்பவில்லை. கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னொரு பக்கெட் மொண்டு வந்து அடித்தார்.

ஒரு கோடுகூடக் கரையவில்லை.

அக்கா பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார். சுவருக்கு எதிரே, நட்ட நடுத்தெருவில், சாய்கிற வெயிலில், காலை நீட்டி உட்கார்ந்தார்.

"கெளம்பலாமாக்கா?" என்றார் தம்பி. "படகு நிக்குது."

"இரு" என்றார் அக்கா. "வெயில் இன்னும் கொஞ்சம் இருக்குது."